முத்தகமும் தொடர்நிலையும்: முழுதும் கேட்கத் தக்க இசைத்தொகுப்புகள்

செய்யுளை நம் அணிநூலார் நான்கு வகையாகப் பகுத்தனர். முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்பன அவை. தண்டியலங்காரம் பயின்றார் இதனை நன்கறிவர். தனியே நின்று பொருள் முற்றும் ஒரு பாட்டு முத்தகம். பாட்டுகள் பலவாய் வந்து ஒரு வினையைக் கொண்டு முடிவது குளகம். ஒருவரோ பலரோ பாடிய பாட்டுகளை அளவு, காலம், பொருள் என ஏதேனும் ஓர் ஒப்புமை பற்றித் திரட்டி வைப்பது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செல்வது தொடர்நிலை. இப்பாகுபாடு ஏட்டில் எழுதிய செய்யுளுக்கு வகுத்ததே. ஆயினும் தட்டிலும் நாடாவிலும் வட்டிலும் பதிந்து வரும் இசைக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. எந்த இசைத்தொகுப்பை முதலிலிருந்து முடிவு வரை இடையறாது கேட்கவேண்டும், எதனை வேண்டியவாறு எடுத்துக் கேட்கலாம் என்னும் கேள்விக்கு இதனினும் தெளிவான அளவுகோல் எனக்குக் கிட்டவில்லை.

இக்கேள்வி இன்று ஏன் எழவேண்டும் எனச் சிலர் வினவலாம். சிராங்கூன் சாலையில் ஒரு மாலைப்பொழுது தேக்கா சந்தையிலிருந்து பெருமாள் கோயில் வரை நடந்து செல்பவர், வழிநெடுகப் பத்துப் பாட்டுகளையேனும் கேட்பார். ஆனால் அவற்றுள் ஒன்றைக்கூட முழுமையாகக் கேட்டிரார். கடைக்குக் கடை பாட்டு மாறும். வீட்டிற்குச் சென்று கைப்பேசியைத் திறந்தாலோ, பல்லவி முடியுமுன் அடுத்த பாட்டிற்குத் தாவும் வசதி விரல் நுனியிலேயே இருக்கிறது. பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடுவதற்கென்றே ஒரு பொத்தானும் உண்டு. இது தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. 2021 நவம்பரில் ஆங்கிலப் பாடகி அடேல் தம் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, தாம் வைத்த வரிசையிலேயே பாட்டுகள் ஒலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதனை ஏற்ற ஸ்பாட்டிஃபை நிறுவனம், தொகுப்புகளின் பக்கத்தில் முதன்மையாய் நின்ற அக்கலைப்புப் பொத்தானை அகற்றியது. வரிசையும் கலைஞன் செய்த படைப்பே என்பதை உலகம் மறந்து வந்தது. ஒரு பாடகி அதனை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

மூன்று நிமிட எல்லை

வரிசை என்னும் கலை பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பழைய அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியது. அரைமணி நேரம் ஆலாபனை செய்யவல்ல வித்துவானும் அந்த எல்லைக்குள் இராகத்தைக் காட்டிப் பாட்டையும் முடிக்க நேர்ந்தது. நீண்ட இசையைப் பதிய விரும்பினோர் அதனைப் பல தட்டுகளில் பகுத்துப் பதிந்து, நிழற்படத் தொகுப்பேடு போன்ற உறைகளில் அடுக்கி விற்றனர். 'ஆல்பம்' என்னும் சொல் இசைக்கு வந்தது அவ்வுறையிலிருந்தேயாம்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேலும் இசை கிடைத்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாப் பேழையும், 1982இல் குறுவட்டும் வந்தன. மூன்று நிமிட எல்லையில் முத்தகம் ஒன்றே இயல்பாக வாழமுடியும். இருபது நிமிட எல்லை கிடைத்த பின்னரே தொடர்நிலை பிறக்க இடம் உண்டாயிற்று. ஆனால், இடம் உண்டாயிற்று என்பதனால் படைப்பும் உண்டாகிவிட்டது என்று கொள்ளுதல் பிழை. நெடுந்தட்டில் வந்தவற்றுட் பல, திரைப்பாட்டுகளை நிரலின்றித் திரட்டிய தொகைகளே.

தமிழர்க்குப் புதிதன்று

முழுதும் இருந்து கேட்கும் பழக்கம் மேனாட்டிலிருந்து நாம் கடன் வாங்கியது என்று எண்ணவேண்டா. அரக்குத் தட்டுக் காலத்திலேயே புராண நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட 'செட்'டுகளாக வந்தன. தட்டை மாற்றி மாற்றிப் போட்டு வீட்டார் அனைவரும் கதை முடியும்வரை கேட்டனர். பின்னர்த் திருவிளையாடல் (1965) போன்ற படங்களின் கதைவசனம் ஒலிச்சித்திரமாக வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிபெருக்கியில் அது முழங்கிய காலத்தை என் வயதினர் மறந்திரார். எழுத்தறியாத பாட்டிமாரும் நக்கீரர் வாதத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை சொல்லவல்லவராய் இருந்தனர். முழுதும் கேட்டதன் பயன் அது.

கச்சேரி மேடையிலும் வரிசை உண்டு. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890-1967) வகுத்து நிலைநிறுத்திய முறையில், வருணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகளால் செவியைப் பண்படுத்தி, விரிவான உருப்படியில் உச்சியை எட்டி, துக்கடாக்களால் இளைப்பாற்றி, மங்களத்தில் முடிப்பர். எந்த உருப்படி எதன்பின் வரவேண்டும், எந்த இராகத்தை அடுத்து எந்த இராகம் வரலாகாது என்னும் நுட்பமெல்லாம் அதில் அடங்கும். ஆகவே நமக்குப் புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுமில்லை. முன்பு அறிந்திருந்ததை மீட்டுக்கொள்ளுதலே வேண்டுவது. இனி, முழுதும் கேட்கத் தக்கன என யான் கருதும் மூன்று தொகுப்புகளை ஆராய்வோம்.

ஒன்று: சுப்ரபாதம்

எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் நெடுந்தட்டாக வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இதனைக் கேளாத தமிழ்த் தெரு அரிது. எங்கும் ஒலிப்பதனாலேயே இதனை ஓர் இசைப் படைப்பாக யாரும் ஆராய்வதில்லை. காலைக் காப்பியின் மணம்போல அது வீட்டில் பரவி நிற்பதோடு சரி.

பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய அந்நூல் நான்கு பகுதிகளை உடையது. துயிலெழுப்பும் சுப்ரபாதம் 29 சுலோகம், போற்றும் தோத்திரம் 11, அடைக்கலம் புகும் பிரபத்தி 16, வாழ்த்தும் மங்களாசாசனம் 14, ஆக 70. எழுப்புதல், போற்றுதல், அடைதல், வாழ்த்துதல் என்னும் இந்நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள். பொருள் தொடர்நிலைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? சமயப் பற்றில்லாதாரும் இவ்வமைப்பைக் கண்டு மகிழலாம்.

அம்மையாரின் பாடும் முறையும் இவ்வமைப்பை உணர்ந்தது. கச்சேரியில் அவர் காட்டும் சங்கதிகளையும் கற்பனைச் சுரங்களையும் இங்கே காண முடியாது. சொல் தெளிவாகச் செவியில் விழவேண்டும் என்பதற்காகத் தம் புலமையை அவர் ஒதுக்கி வைத்தார். பெரும்பாலோர் முதற்பகுதியின் முதல் சில சுலோகங்களைக் கேட்டுவிட்டு வேலைக்குப் புறப்பட்டு விடுகின்றனர். அவர்கள் கேட்பது எழுப்புதலை மட்டுமே. அடைதலையும் வாழ்த்துதலையும் கேட்டாரல்லர். ஒருநாள் ஓய்வாக அமர்ந்து நான்கு பகுதிகளையும் கேட்பின், பழகிய அக்குரலே புதிதாக ஒலிக்கும்.

இரண்டு: பெயரிடுவது எங்ஙனம்?

இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' பாடலில்லாத கருவியிசைத் தொகுப்பு. அதனைத் தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர்நாடி. பத்து உருப்படிகள், பத்துக்கும் ஆங்கிலப் பெயர்கள்.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் கண்ணுக்கு அப்பெயர்களின் வரிசையே ஒரு செய்தி சொல்லும். ஆறாவது உருப்படியில் அறையிசை தியாகராசரை வரவேற்கிறது. ஏழாவதன் பெயர், பாக்கை என் வீட்டில் கண்டேன் என்பது. எட்டாவதன் பெயர் 'மேலும்' என்னும் இணைப்புச் சொல்லோடு தொடங்கி, நாங்கள் உரையாடினோம் என முடிகிறது. தனியே நிற்கும் பெயர் ஒன்று இணைப்புச் சொல்லில் தொடங்குமோ? தொடங்காது. ஏழும் எட்டும் சேர்ந்தே ஒரு வாக்கியம். எட்டை மட்டும் எடுத்துக் கேட்பவனுக்கு 'நாங்கள்' யார் என்பது விளங்காது. இதுவன்றோ குளகத்தின் இயல்பு?

ஒன்பதாவது உருப்படியின் பெயர், ஒப்பிடாதே! முன் மூன்றையும் கேளாதவனுக்கு இஃது ஒரு வெற்றுக் கட்டளை. கேட்டவனுக்கோ, தன் உள்ளத்தில் அப்போதுதான் எழுந்த எண்ணத்திற்கு விடை. பாக் 1685இல் பிறந்து 1750இல் மறைந்தார். தியாகராசர் பிறந்தது 1767இல். ஒருவரையொருவர் அறிந்திலர். இருவரையும் ஒரு கூரையின்கீழ் அமர்த்திய பின், எவர் பெரியவர் என்று கேட்கத் துடிக்கும் நம் வாயை ஒன்பதாம் உருப்படி அடைக்கிறது. பத்தாவதோ, எதையும் செய் என்கிறது. எப்படிப் பெயரிடுவது என்னும் ஐயத்தில் தொடங்கிய தொகுப்பு, துணிவில் முடிகிறது.

பெயரில் உள்ள தொடர்ச்சி இசையிலும் உண்டா என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி. உண்டு என்பேன். ஏழாவது உருப்படி, பாக் தனி வயலினுக்கென எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை அடிப்படையாகக் கொண்டது. அந்த இசை தன் போக்கில் ஓட, அதன் ஊடே நம் மண்ணின் சாயலுள்ள இசை நுழைந்து உடன் நடக்கிறது. வந்த விருந்தினரும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் பேசுவது போன்ற அமைப்பு அது. இத்தகைய பல குரல் பின்னலை இரண்டாம் உருப்படியிலேயே இளையராஜா பழக்கி விடுகிறார். ஒரு குரல் சொன்ன இசைத்தொடரை மற்றொரு குரல் தொடர்ந்து ஏந்திச்செல்லும் 'ஃபியூக்' என்னும் மேனாட்டு முறையில் அஃது அமைந்தது. முன்னதைக் கேட்டுப் பழகிய செவிக்கே பின்னது எளிதாகும். நல்லாசிரியன் பாடத்தை அடுக்கும் முறையும் இதுவேயன்றோ?

ஜொகூர் மாநிலத் தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருக்கும் யான், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதனை ஒருமுறை போட்டுக் காட்டினேன். முதலில் ஏழாவதை மட்டும் கேட்பித்தேன். சினிமாவில் துரத்தும் காட்சிக்கு வரும் இசைபோல இருக்கிறது என்றனர். மறுவாரம் முதலிலிருந்து வரிசையாகக் கேட்பித்தபோது, பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கையுயர்த்தி, "ஐயா, இப்போ ரெண்டு பேரு பேசிக்கிறாங்க" என்றாள். அடுத்த உருப்படியின் பெயரை யான் அவர்களுக்கு அதுவரை சொல்லவில்லை.

மூன்று: திருவாசகம்

2005இல் வெளிவந்த 'திருவாசகம்' இளையராஜாவின் மற்றொரு பெருமுயற்சி. அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இதற்கு வாசித்தது. சிம்பொனி என்ற பெயர் பொருந்துமா என்று அக்காலத்தில் வாதிட்டோர் உண்டு. குரலும் குழுப்பாட்டும் முதன்மை பெறும் இதனை 'ஒரட்டோரியோ' என்னும் வகையில் அடக்குதலே பொருத்தம். தம் முதற் சிம்பொனியை அவர் இலண்டனில் அரங்கேற்றியது 2025 மார்ச் 8ஆம் நாளில். அது வேறு படைப்பு.

திருவாசகம் 51 பகுதிகளை உடையது. இத்தொகுப்பு அவற்றுள் ஆறிலிருந்து மட்டும் பாடல்களை எடுத்தது. எடுத்த வரிசை காண்க: திருக்கோத்தும்பி, சிவபுராணம், யாத்திரைப் பத்து, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து. நூலில் இவை முறையே 10, 1, 45, 37, 9, 35 ஆம் பகுதிகள். சிவபுராணத்தை முதலில் வையாமல் இரண்டாவதாக வைத்தது மரபு பிறழ்வு என்று தமிழாசிரியர் சிலர் வருந்தினர். யானும் இவ்வரிசையைப் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு.

அரசவண்டை விளித்து இறைவன் திருவடிக்குச் சென்று ஊதுமாறு ஏவுவது கோத்தும்பி. ஆகவே அழைப்பில் தொடங்குகிறது தொகுப்பு. அடுத்துத் தன் சிறுமையை எடுத்துரைக்கும் சிவபுராணம். அதன்பின் அடியாரைக் கூட்டிப் புறப்படும் யாத்திரை. புறப்பட்டவன் இறைவனை உறுதியாகப் பற்றிக்கொள்வது பிடித்த பத்து. பற்றியபின் மகளிர் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும் கொண்டாட்டம். அழைப்பு, ஒப்புக்கொள்ளல், பயணம், பற்றுதல், கொண்டாட்டம் எனக் கதை ஒன்று உருவாகிறது. மணிவாசகர் பாடல்களைக் கொண்டே மணிவாசகர் அடுக்காத ஒரு தொடர்நிலையை இசையமைப்பாளர் ஆக்கியுள்ளார்.

அங்ஙனமாயின் கொண்டாட்டத்தோடு முடித்திருக்கலாமே, அச்சப் பத்தை இறுதியில் வைப்பானேன் என்று கேட்கத் தோன்றும். பாம்புக்கும் வேலுக்கும் அஞ்சேன், அன்பில்லாதாரைக் காணினே அஞ்சுவேன் என்பது அப்பதிகத்தின் கருத்து. பற்றியவன் மீண்டும் உலகிற்கு வருகிறான். இறைவனைப் பற்றிய பின்னும் எஞ்சும் அச்சம் ஒன்றே. அது மனிதரிடத்து அன்பின்மை. கோயிலில் முடியவேண்டிய தொகுப்பு தெருவில் முடிகிறது. அதனால் அதன் பெருமை கூடிற்றேயன்றிக் குறையவில்லை. இக்கருத்து எந்தத் தனிப்பாட்டிலும் இல்லை. ஆறனையும் வரிசையாகக் கேட்பவர்க்கே புலப்படும்.

குறையும் உண்டு. சிவபுராணப் பகுதி ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்கிறது. மற்றவை அதனினும் குறுகியவை. தொடக்கத்திலேயே பாரம் ஏற்றிய படகு போலப் பின்பகுதி இலேசாகி விடுகிறது. அப்பகுதியில் தமிழோடு ஆங்கிலப் பாட்டும் இடையிடையே வருகிறது. பிறநாட்டார்க்குப் பொருள் விளங்கவேண்டும் என்னும் நோக்கம் நல்லதே. எனினும், உருகி நிற்கும் உள்ளத்தை மொழிபெயர்ப்பாளர் வந்து தட்டி எழுப்புவதுபோல் எனக்குப் படுகிறது. ஓதுவார் மரபில் மோகன இராகத்தில் திருவாசகம் கேட்டுப் பழகியோர்க்கு இவ்விசை முதலில் அயலாகத் தோன்றுவதும் இயல்பே. இவற்றால் தொகுப்பின் தகுதி குன்றவில்லை. முழுதும் கேட்டவரே குறையும் கூற உரிமையுடையார் என்பதற்காக எழுதினேன்.

முத்தகமும் உயர்ந்ததே

தனிப்பாட்டைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. குறுந்தொகையின் ஒவ்வொரு பாட்டும் முத்தகமே. நான்கடி முதல் எட்டடி வரை என்னும் அளவு பற்றியே அவற்றைத் தொகுத்தனர். அதனை எப்பக்கத்தில் திறந்து படித்தாலும் இன்பம் குறையாது. அதுபோலவே கண்ணதாசனும் விசுவநாதன் இராமமூர்த்தியும் கூடிப் படைத்த திரைப்பாட்டுகளை எவ்வரிசையிலும் கேட்கலாம். மூன்று நிமிடத்தில் ஒரு வாழ்வைக் காட்டிய பாட்டுகள் அவை. தொகையைத் தொகையாகவும் தொடர்நிலையைத் தொடர்நிலையாகவும் கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். சிலப்பதிகாரத்தைக் குறுந்தொகை போலப் புரட்டுவோன் கோவலன் இறந்த பின் அவன் திருமணத்தைப் படிப்பான்.

இந்நாட்டவரின் முயற்சி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' என்னும் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டனர். நிழல்கள் (1980) படத்து இளையராஜா பாட்டொன்றை எடுத்தாண்டு அவர்கள் ஆக்கிய 'மடை திறந்து' தமிழ்நாடு வரை புகழ் பெற்றது. அந்த ஒரு பாட்டின் புகழே தொகுப்பை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். எங்கள் மாணவர் அதனை மனப்பாடமாகச் சொல்லுவர். அது எத்தொகுப்பில் வந்தது என்று கேட்டால் விழிப்பர். நம் மண்ணில் விளைந்ததையேனும் நம்மவர் முழுதும் கேட்டு மதிப்பிடுதல் கடமையாகும்.

செய்யத் தக்கது

வள்ளுவர் 40ஆம் அதிகாரத்தில் கல்வியையும் 41இல் கல்லாமையையும் கூறி, 42இல் கேள்வியை வைத்தார். அதன் பின்னரே 43இல் அறிவுடைமை வருகிறது. கேள்வியைக் கடந்தே அறிவுடைமைக்குச் செல்லவேண்டும் என்னும் குறிப்பு அவ்வைப்பு முறையில் உள்ளது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கேட்டலை முதல் மொழித்திறன் என்று கற்பித்தனர். பள்ளியிலோ அதற்கு ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு நிமிட ஒலிப்பதிவும் ஐந்து வினாக்களும் மட்டுமே. இருபது நிமிடம் அமைதியாக இருந்து ஒரு படைப்பின் முடிவு வரை செவியைச் செலுத்திய பிள்ளைக்கு, இருநூறு பக்க நூலை முடிப்பதும் கைகூடும். தொடக்கத்திலேயே தாவிப் பழகிய பிள்ளை புத்தகத்திலும் தாவும். நாவலை எடுத்து நான்காம் பக்கத்தில் மூடிவைக்கும் மாணவரை யான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஆதலின் இதனை வெறும் பொழுதுபோக்கின் சிக்கலாக யான் கருதவில்லை.

பள்ளிகளில் தவணைக்கு ஒரு தொகுப்பு போதும். மூன்று அமர்வாகப் பகுத்துக் கேட்பிக்கலாம். முதல் அமர்வில் பேச்சின்றிக் கேட்டல். இரண்டாவதில் வரிசையை ஆராய்தல். மூன்றாவதில், ஓர் உருப்படியை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று எழுதச் செய்தல். செலவு ஏதுமில்லை. சிங்கப்பூர் அன்பர்க்கு வாய்ப்பு இன்னும் மிகுதி. நிகழ்கலைகளுக்கென்றே 2002இல் எஸ்பிளனேட்டில் ஒரு நூலகத்தை அமைத்த நகரம் இது.

காலந் தாழ்த்தவும் கூடாது. சுங்கை ரோட்டுப் பழம்பொருட் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பெற்றது. பழைய இசைத்தட்டுகள் கைமாறிய இடங்களுள் அதுவும் ஒன்று. பரணிலும் படுக்கையடியிலும் தட்டும் நாடாவும் வைத்திருப்போர் அவற்றைக் குப்பையில் இடுமுன், உறையின் பின்புறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. முதற்பக்கம், இரண்டாம் பக்கம் எனப் பாட்டுகளை வரிசையிட்டு அச்சடித்த அப்பட்டியல் ஒருவர் ஆய்ந்து அமைத்தது என்பதைச் சொல்லிக் கொடுப்பாராக. வரும் ஞாயிறன்று மேற்சொன்ன மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, இறுதி ஓசை அடங்கும் வரை வீட்டாரோடு அமர்ந்து கேட்போமாக.